குப்பிக் கழுத்துல கட்டின கருப்புக் கயிறு

ரெண்டு கண்ணுலயும் சொட்டு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். கண்ணு வைத்தியம் படிக்க வந்த உங்கள்ல ஒரு பிள்ளதான் விட்டுட்டுப் போச்சு. எதுக்க இருக்க செவரு எனக்கு இப்பம் பொகையாத் தெரியுது, உங்க மூஞ்சி ஒண்ணும் வெளங்கல. அதுவும் நல்லதுதான். மூஞ்சி தெரிஞ்சா சில சங்கதி வாயில வராது.

விட்ட பிள்ள நல்ல பிள்ள, கை நடுங்கல. ஆனா விட்ட பொறவு மூக்கோரத்துல, கண்ணோட உள்மூலையில விரல வச்சு அமுக்கல. நானே அமுக்கிக்கிட்டேன். அங்கன ஒரு ஓட்ட இருக்கு. கண்ணுல விடுதது அது வழியாத்தான் தொண்டைக்கு எறங்குது. எனக்கு இந்நேரம் நாக்கு கசக்கும்னு பாத்தேன், கசக்கல. அமுக்கினா கசக்காது. உங்களுக்கு இதெல்லாம் பொஸ்தகத்துல போட்டிருக்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச அம்புட்டும் யாராச்சும் ஒருத்தர் கண்ணுல இருந்து படிச்சதுதான். அதுல ரெண்டு சொல்லுதேன், யாராச்சும் எழுதணும்னா எழுதிக்கிடுங்க.

வெள்ளக்காரன் காலத்துப் பெரிய சண்டை நடந்துக்கிட்டு இருந்த காலம் அது. ஜன்னல் கண்ணாடியில எல்லாம் கருப்புக் காயிதம் ஒட்டச் சொல்லியிருந்தாவ. நான் அப்பம் தாராவியில ஒரு கோலியில, ஒத்த ரூமுதான், ஏழு ஆளோட ஒண்டிக்கிட்டு, மாட்டுங்காவுல ஒரு தரும கண் தவாகானாவுல, ஆசுபத்திரிய அங்கன அப்பிடித்தான் சொல்லுவாவ, வேல பாத்தேன். மொதல்ல தரை தொடைக்கத்தான் சேத்தாவ. பொறவு ஆள் இல்லன்னு சொட்டு விடச் சொன்னாவ. பெரிய டாக்டரு பாலக்காட்டுக்காரர். மெலிஞ்ச ஆளு, வெத்தல போடமாட்டார், சத்தம் போடமாட்டார். அவரு பேர நான் சொல்ல மாட்டேன், அவருக்குப் பேரச் சொன்னாப் பிடிக்காது. தாராவிச் சனம் என்னையச் சொட்டுக்காரன்னு கூப்பிடும். என் பேரும் யாருக்கும் தெரியாது.

கண்ணுக்கு நடுவுல கருப்பா இருக்குல்லா, அது ஒரு கதவு மாதிரி. வெளிச்சம் வந்தா சாத்தும், இருட்டுல தொறக்கும். இந்தச் சொட்டு என்ன செய்யும், அந்தக் கதவத் தொறந்து கொண்டி போட்டிரும். இப்பம் நீங்க விடுதது நாலு மணி நேரத்துல, மிஞ்சிப் போனா மறுநாளு, தெளிஞ்சிரும். அப்பம் எங்ககிட்ட இருந்தது பத்து நாளு நிக்கும். எல்லாக் கண்ணுக்கும் அது ஒத்துக்காது. சில கண்ணு உள்ளுக்குள்ள இறுகிப் போயிருக்கும், அதுல கதவத் தொறந்தா ராவோட ராவா கண்ணு போயிரும். அதனால டாக்டர் மொதல்ல எமைக்கு மேல ரெண்டு விரல வச்சு அமுக்கிப் பாப்பார். "வெளக்கச் சுத்தி வளையம் தெரியறதா, தலைய வலிக்கறதா"ன்னு கேப்பார். கேட்டுட்டுத்தான் எனக்குத் தலைய ஆட்டுவார். அவரு தலை ஆடாம ஒரு சொட்டு என் கையில இருந்து விழுந்தது கெடயாது. ஒருக்கத்தான் விழுந்தது. அதுக்குத்தான் வருதேன்.

அதுக்கு முன்னாடி என் கண்ணுக்கு வந்ததச் சொல்லணும். அது இல்லன்னா பின்னால நடந்தது எனக்கே வெளங்கியிருக்காது.

சேந்து ரெண்டு மூணு மாசம் இருக்கும். காலையில எந்திரிச்சா வலது பக்கம் மட்டும் வெளிச்சம் குத்துது. செவத்துல ஒரு கண்ணாடித் துண்டு சொருகி வச்சிருப்போம், அதுல பாக்கேன். எடது கண்ணு என் கண்ணு. வலது கண்ணு என் கண்ணு இல்ல. அதுல பூராவும் கருப்பு. சுத்தி ஒரு நூல் அளவுக்குப் பழுப்பு, அம்புட்டுதான். தீக்குச்சியக் கிழிச்சுப் பக்கத்துல கொண்டாந்தேன். எடது கண்ணு சுருங்குது. வலது கண்ணு அப்பிடியே பாத்துக்கிட்டு இருக்கு. தீயையும் பாக்கல, என்னையும் பாக்கல. கண்ணாடிக்குள்ள வேற யாரையோ பாக்க மாதிரி இருக்கு. குச்சி விரலச் சுட்ட பொறவுதான் கீழ போட்டேன்.

கோலியில இருந்த பயலுவ சும்மா இருப்பானுவளா? ஒருத்தன் பாய எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டான். "ஏலே, இவன் பாதிதாம்லே நம்ம ஆளு. மீதி யாருன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு, பொறவு உள்ள வாறேன்"ங்கான். இன்னொருத்தன், "அந்தப் பாதிட்டயும் வாடக வாங்குங்கலே"ங்கான்.

ஓடினேன் டாக்டர்ட்ட. அவரு கண்ணத் தொறந்து பாத்துட்டு, "சொட்டு விட்ட கையால கண்ணக் கசக்கினயோ?"ன்னார்.

"ஆமாய்யா."

"கை அலம்பினயோ?"

"இல்லய்யா."

"அப்போ பயப்படாதே. உன்னப் பேயும் பிடிக்கல, பிசாசும் பிடிக்கல. சோம்பேறித்தனம் பிடிச்சிருக்கு. பத்து நாள்ல எறங்கிடும்."

எறங்கிருச்சு. ஆனா அந்தப் பத்து நாளும் சந்துல என் எதுக்க ஒரு பொம்பள வரமாட்டா. எனக்கே தண்ணித் தொட்டியில குனிய மனசு வராது. ஒரு சொட்டுல கையில ஒட்டினதுல பாதி, அதுவே ஒரு மனுசனப் பாக்கவங்களுக்கு வேற ஆளாக் காட்டிரும். அத மனசுல வச்சுக்கிடுங்க.

இப்பம் கயிறு. தவாகானாவுல நாலு பழுப்புக் குப்பி, நாலும் ஒரே உசரம், ஒரே மூடி. மேல காயிதம் ஒட்டி எழுதியிருக்கும், எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி. கண்ண விரிக்க மருந்தும் கண்ணச் சுருக்க மருந்தும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். மாத்தி எடுத்தா என்ன ஆவும்னு நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அதனால விரிக்கதுக்குக் கருப்புக் கயிறு, சுருக்கதுக்கு வெள்ளக் கயிறு, கழுத்துல கட்டினேன். டாக்டர் பாத்துட்டு, "என்னடா இது, குப்பிக்குப் பூணல் போட்டுட்டே?"ன்னு சிரிச்சார். "இருக்கட்டும், நல்ல யோசனதான்"ன்னார். அவரு மெச்சினது எனக்குத் தலையில ஏறிருச்சு. பொறவு எந்தக் குப்பி கையில கெடச்சாலும் கட்டாம இருக்க மாட்டேன். கை தன்னால கட்டும்.

அந்த வருசம் மழை தொடங்கின சமயம் ஒரு பொண்ணு வந்தா. முப்பிடாதின்னு பேரு, நம்ம தெக்கத்திப் பிள்ள. இடுப்புல ஏழெட்டு மாசக் கைப்பிள்ள, கையில அஞ்சு வயசுல ஒரு பொட்டப்பிள்ள, பேச்சின்னு. புருசன் சுடலமுத்து தாராவியில தோல் கிடங்குல வேல பாக்கான். பேச்சி இவ பெத்த பிள்ள இல்ல, அக்கா பிள்ள. அக்கா செத்த பொறவு அத்தானக் கட்டிக்கிட்டு வந்தவ இவ. கைப்பிள்ளதான் இவளுக்குப் பெறந்தது. அந்தச் சந்துல இதப் பத்தி நாலு பேரு நாலு பேசுவாவ, உங்களுக்குத் தெரியாததா.

பேச்சி கிடங்குப் பக்கம் வெளையாடி, தோல் ஊறப்போடுத சுண்ணாம்புத் தண்ணி கண்ணுல தெறிச்சிருச்சு. டாக்டர் ஒரு மணி நேரம் கழுவினார். பொறவு விரிக்க சொட்டு விடச் சொன்னார். சின்னப் பிள்ளைங்கதால அவரே மருந்துல தண்ணி கலந்து பாதியாக்கி ஒரு சின்னக் குப்பியில தனியா வச்சார். "தினம் ரெண்டு வேளை இங்க கூட்டிண்டு வரச் சொல்லு. வேளைக்கு ஒரு சொட்டு, நீ விடு. குப்பி வாசப்படி தாண்டப்படாது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

முப்பிடாதி வாசல்ல நிக்கா. வெளிய மழை ஊத்துது.

"அண்ணாச்சி, தெனமும் ரெண்டையும் தூக்கிக்கிட்டு ரயில் பாலம் ஏறி எறங்கி எப்பிடி வருவேன்? அவரு ஒரு நாளு வேலைக்குப் போவலன்னா வேற ஆளப் போட்டிருவாவ. வழியில இத நனச்சு இதுக்குச் சீக்கு வந்துச்சுன்னா, சந்துல என்னைய என்ன சொல்லுவாவ தெரியுமா? அக்கா பிள்ளைக்காவ தன் பிள்ளைய விட்டுட்டாம்பாவ. இல்லன்னா மாத்திச் சொல்லுவாவ."

எனக்கு எரக்கம். எரக்கம் பொல்லாதது, கேட்டியளா. அந்தக் குப்பிய எடுத்துக் குடுத்துட்டேன். "பஞ்சத் திரிச்சு இதுல முக்கி, காலையில ஒரு சொட்டு, சாயந்தரம் ஒரு சொட்டு, வேழக்கிழம குப்பியக் கொண்டாந்திரு"ன்னேன். அவ தலைய ஆட்டினா. பேசிக்கிட்டு இருக்கையிலயே என் கை தன்னால அந்தக் குப்பிக் கழுத்துல கருப்புக் கயிறு கட்டி முடிஞ்சிருச்சு. அவ அதப் பாத்தா. ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் என்னமோ மரியாதன்னு சிரிச்சேன். கண்ணுல ஒத்துத பொருளா அது? அப்பமே எனக்கு உறைச்சிருக்கணும்.

வேழக்கிழம வரல. அன்னைக்கு மட்டும் தவாகானா மத்தியானத்தோட சாத்திருவோம். நான் அவ வீட்டுக்குப் போனேன். பிள்ள எப்பிடி இருக்குன்னு பாக்கவா போனேன்? பொய் சொல்லக்கூடாது. வாராவாரம் வெள்ளிக்கிழம டாக்டர் குப்பிய எண்ணிப் பாப்பாரே, அதுக்குள்ள எடத்துல வச்சிரணும்னு போனேன்.

சந்துக்குள்ள நொழையும்போதே உடுக்கச் சத்தம் கேக்குது. மத்தியானம் ரெண்டு மணிதான், மழை மேகத்துல பொழுது அடைஞ்ச மாதிரி இருக்கு. அவ கோலி வாசல்ல ஒரே கூட்டம். என்னையக் கண்டதும் ஒரு கெழவி, "இன்னா வந்துட்டாருல்லா! மந்திரிச்சுக் குடுத்தவரு இவருதான், வழிய விடுங்க"ன்னா. எனக்கு ஒண்ணும் ஓடல. கூட்டம் பிரிஞ்சு என்னைய உள்ள தள்ளிருச்சு.

உள்ள கதவ அடைச்சு, சாக்க வச்சு இண்டு இடுக்கெல்லாம் மூடியிருக்கு. நடுவுல கரியடுப்பு கனிஞ்சுக்கிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு தட்டு நெறைய வத்த மொளகா. கோடாங்கி ஒருத்தர் உடுக்க அடிச்சுக்கிட்டு இருக்கார். அவரு முன்னால கம்பளியில சுத்தி உக்கார வச்சிருக்கு பேச்சிய.

அந்தப் பிள்ள கண்ண நான் சாகுத வர மறக்க மாட்டேன். ரெண்டும் கருப்பு. வெள்ளைக்குள்ள ரெண்டு கெணறு வெட்டின மாதிரி. அடுப்புக் கங்கு அந்தக் கருப்புக்குள்ள செவப்பாத் தெரியுது. மூஞ்சி குங்குமமாச் செவந்திருக்கு, ஆனா ஒரு பொட்டு வேர்வ இல்ல. உதடு வெடிச்சு நாக்கு பலக மாதிரி. என்னமோ பேசுது, வார்த்த வெளங்கல, காஞ்ச ஓலைய உரசுத மாதிரி ஒரு சத்தம். கை ரெண்டும் கம்பளிக்கு வெளிய. அந்தரத்துல எதையோ பிடிக்குது, ரெண்டு விரலால நுணுக்கமா எதையோ அவுக்குது. முடிச்ச அவுக்குத மாதிரி. ஒண்ண அவுத்துட்டு அடுத்தது. எட்டி எட்டி, கோலியோட மூலைய நோக்கியே அந்தக் கை போவுது. அந்த மூலையில முப்பிடாதி செவத்தோட செவரா ஒட்டி நிக்கா.

"பாத்தியளா வே," கோடாங்கி எனக்குச் சொல்லுதார். "பெத்தவ வந்து எறங்கியிருக்கா. தங்கச்சி கழுத்துல கெடக்க தாலிய அவுக்கச் சொல்லுதா. தன் தாலி அதுங்கா. நானும் காலையில இருந்து கேக்கேன், பேரச் சொல்ல மாட்டேங்கா. மொளகாப் பொகையப் போட்டாச் சொல்லிருவா."

எல்லாரும் முப்பிடாதி கழுத்தப் பாக்காவ. அவ முந்தானைய இழுத்துக் கழுத்த மூடுதா. சுடலமுத்து ஒரு ஓரமா கால் மடக்கிக் குனிஞ்சு உக்காந்திருக்கான், நிமிரவே இல்ல.

அப்பம்தான் பேச்சி மணிக்கட்டப் பாத்தேன். அதுல என் கருப்புக் கயிறு.

எனக்கு வெளங்கிருச்சு. கண்ணாடித் துண்டுல ஒத்தக் கண்ணா என்னையப் பாத்தது எதுவோ, அதுதான் இங்க ரெண்டு கண்ணா உக்காந்திருக்கு. பேய் இல்ல. என் குப்பி. வேர்க்காத ஒடம்பு, அதுக்குக் கம்பளி, அதுக்கு அடுப்பு, அதுக்கு மேல மொளகாப் பொகை. இன்னும் ஒரு மணி நேரம் போனா பிள்ள வெந்து போயிரும்.

என்ன செய்யணும்? உண்மையச் சொல்லணும். சொன்னேனா? சொல்லல. சுடலமுத்து பக்கத்துல தோல் சீவுத கத்தி கெடந்தது, அதத்தான் என் கண்ணு பாத்துது. அம்புட்டுப் பேரும் என்னைய மந்திரக்காரன்னு நம்பி நிக்காவ. அந்த நம்பிக்கையப் பிடிச்சுக்கிட்டா பிள்ளையும் பொழைக்கும், நானும் பொழைப்பேன்னு தோணுச்சு. நெஞ்ச நிமித்திக்கிட்டு, "ஆமா வே, என் கயிறுதான். நான் கட்டினத நான்தான் அவுக்கணும். இதுக்குப் பொகை ஆவாது, தண்ணிதான் ஆவும். அடுப்ப வெளிய தூக்குங்க, கதவத் தொறங்க"ன்னேன்.

கோடாங்கி மொறைச்சார். "எந்த ஊரு மந்திரம் வே இது, தண்ணியில?"

"பாலக்காட்டு மந்திரம்"ன்னேன். பாலக்காடுன்னதும் அடங்கிட்டார்.

கம்பளிய உருவிட்டு ஈரத் துணியச் சுத்திப் பிள்ளையத் தோள்ல போட்டேன். நெருப்பத் தூக்கின மாதிரி இருந்தது. சாமி படத்துக்கு முன்னால என் குப்பி பூ வச்சு நிக்குது. எடுத்தேன். கால்வாசி கொறைஞ்சிருக்கு. ரெண்டரை நாளுக்கு அஞ்சு சொட்டு. அஞ்சு சொட்டுக்கு இம்புட்டு எப்பிடிக் கொறையும்? குப்பிப் பக்கத்துல பிள்ளைக்குப் பால் புகட்டுத ஒரு பாலாடை, உள்ள வெள்ளையாப் பால் காஞ்சு கெடக்கு.

"முப்பிடாதி, இதுல என்ன விட்ட?"

"பிள்ள எரியுதுன்னு அழுதா அண்ணாச்சி. கண்ணு செவந்தா நம்ம தாய்ப்பால்தானே விடுவோம். பாலப் பீச்சி அதுல மருந்தக் கலந்து கண்ணு நெறைய விட்டேன், வேள தவறாம."

"எல்லாம் இவ கண்ணுலதானா?"

"ஆமா"ன்னா. என்னையப் பாக்காமச் சொன்னா.

போயிருவோம்னு வாசல் வர வந்துட்டேன். வெளிய கைவண்டி ஒண்ணக் கொண்டாந்து நிறுத்தியிருக்காவ. தோள்ல கெடக்க பிள்ள கை இன்னும் எனக்குப் பின்னால நீண்டு அந்த மூலைய நோக்கி அவுத்துக்கிட்டே இருக்கு. நகம் என் முதுகுல உரசுது. அப்பம்தான் ஒண்ணு தோணுச்சு. இம்புட்டு உடுக்கச் சத்தத்துல, இம்புட்டுக் கூச்சல்ல, அந்த வீட்டுல ஒரு கைப்பிள்ள இருக்கே. அது ஏன் அழல?

"பாப்பா எங்க?"

"தூங்குது."

முப்பிடாதி நகரல. அவ நிக்க மூலையில, அவளுக்குப் பின்னால, உத்தரத்துல சேலத் தொட்டில் தொங்குது. ஆடவே இல்ல. அத நான் உள்ள வந்ததுல இருந்து பாக்கல. யாருமே பாக்கல.

மந்திரக்காரனாக் கேட்டா அவ சொல்ல மாட்டா. தாலியக் கேட்டுப் பேய் வந்திருக்குன்னு ஊரே சொல்லுது, இதுல தன் கைப்பிள்ளைக்கும் ஒண்ணுன்னு வாயத் தொறந்தா, அது சாபம்னு முடிஞ்சிரும்னு பயந்து நிக்கா. அவ பயத்த நான்தான் கட்டி வச்சிருக்கேன். நான் மொதல்ல அவுக்காம அவ அவுக்க மாட்டா.

பேச்சியச் சுடலமுத்து மடியில வச்சேன்.

"சுடலமுத்து, நல்லாக் கேளு. பேய் வரல. ஓம் பெண்டாட்டி மேலயும் குத்தம் இல்ல, செத்தவ மேலயும் குத்தம் இல்ல. நான் குடுத்த மருந்து இது. வீட்டுக்குக் குடுக்காதன்னு டாக்டர் சொன்னத மீறிக் குடுத்தேன். அந்தக் கயிறுல மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, குப்பி அடையாளத்துக்குக் கட்டினது. இது கொஞ்சம் கூடுதலாப் போனா வெசம்."

உடுக்க நின்னுருச்சு. கூரையில மழை மட்டும் கேக்குது. சுடலமுத்து எந்திரிச்சான், பிள்ளைய ஒரு கையில இடுக்கிக்கிட்டு மறு கையால என் கன்னத்துல ஒரு அறை. காது அடைச்சுப் போச்சு. கத்திய எடுக்கல, அம்புட்டுக்குப் புண்ணியம். அந்த அறையோட சேந்து முப்பிடாதி வாயும் தொறந்துச்சு.

"அண்ணாச்சி, மந்திரிச்சதக் கீழ கொட்டக் கூடாதுன்னு... பாலாடையில அடியில மிச்சம் இருந்துச்சு... பாப்பாவுக்கும் நல்லதுன்னு... காலையில வாயில ஊத்தி..."

அவ ஒதுங்கினா. நான் தொட்டில விரிச்சேன்.

பாப்பா தூங்கல. முழிச்சுக்கிட்டு இருக்கு. அந்தக் குட்டி மூஞ்சியில ரெண்டு கருப்பு, சிமிட்டாம மேல பாத்துக்கிட்டு இருக்கு. வாயத் தொறந்து அழுது. சத்தம் இல்ல, கண்ணீர் இல்ல. காலையில இருந்து அது அப்பிடி அழுதுக்கிட்டேதான் இருந்திருக்கு.

வண்டியில மேல மூட ஒரு சாக்கக் கொண்டாந்தாவ, வேண்டாம்னேன். "மழையில போட்டுக் கொல்லப் போறான் பாவி"ன்னு பின்னால சத்தம் போடுதாவ. ஈரத் துணியோட ரெண்டையும் மழையிலயே வச்சு, சுடலமுத்து இழுக்க, நான் தள்ள, முப்பிடாதி கூட ஓடியார, மாட்டுங்காவுல டாக்டர் வீட்டு வாசல்ல போயி நின்னோம். அவரு காப்பி டம்ளரோட வந்தார். எங்க மேல தோல் கிடங்கு நாத்தம். ரெண்டு பிள்ளையையும் தன் ஊஞ்சப் பலகையில கெடத்தினார். கண்ணத் தொறந்து பாத்தார்.

"குப்பிய யாரு குடுத்தா?"

"நான்தான்யா."

"எவ்வளவு உள்ள போயிருக்கும்?"

இங்கதான் சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க, நான் அந்தக் கோலியில பொய்யிலயே நின்னிருந்தா, இந்தக் கேள்விக்கு என்கிட்டப் பதில் இல்ல. அந்தப் பாப்பாவே இந்த ஊஞ்சல்ல இல்ல. முப்பிடாதி ஒண்ணு விடாமச் சொன்னா. பாப்பா வயித்தக் கழுவினார், ஊசி போட்டார். பொறவு செய்யதுக்கு ஒண்ணும் இல்ல. துணிய நனச்சுப் போடுதது, காத்திருக்கது. "அழுகை முக்கியமில்ல. வாய் ஈரமாறதான்னு பாரு"ன்னார் என்கிட்ட. நான் சுண்டு விரல நல்லாக் கழுவிக்கிட்டுப் பாப்பா உதட்டுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காஞ்ச தோலு. எம்புட்டு நேரம்னு தெரியாது. மழை விட்டிருச்சு. தெருவுல பூக்காரி கூவிக்கிட்டுப் போறா. விரல் நுனியில ஒரு பிசுபிசுப்பு. பொறவு ஒரு நூலு மாதிரி எச்சில் வடிஞ்சு என் கை மேல எறங்கிச்சு. "ஐயா"ன்னு கையத் தூக்கிக் காட்டினேன்.

"பாதியாக்கி வச்சதால தப்பிச்சுது"ன்னார் அவரு. அம்புட்டுதான். வேலைய விட்டு நிறுத்துவார்னு நெனச்சேன், நிறுத்தல. மறுநா ஒரு கிண்ணத்துல வெறுந் தண்ணி வச்சார். "இனிமே எவாளுக்காவது மருந்து வீட்டுக்குப் போறதுன்னா, மொதல்ல இந்தத் தண்ணிய அவா கையால உன் முன்னால ஒரு சொட்டு விட்டுக் காட்டணும். நீ சொன்னத அவா கேட்டான்னு நெனைக்காதே. அவா கை என்ன செய்யறதுன்னு பாரு." அந்தத் தண்ணிக் கிண்ணத்த நான் வேலைய விடுத வர வச்சிருந்தேன். அதுல சங்கு எடுத்துட்டு வந்தவ உண்டு, கரண்டி எடுத்துட்டு வந்தவன் உண்டு.

நான் தெனமும் சாயந்தரம் போயி பேச்சிக்கு ஒரு சொட்டுத் தண்ணி கூட விடாம, சும்மா கண்ண மட்டும் பாத்துட்டு வருவேன். புத்தி ரெண்டு நாள்ல தெளிஞ்சிருச்சு, கண்ணு தெளியல. அந்தக் கருப்புக் கண்ணப் பாத்துட்டு சந்துப் பிள்ளைங்க கூட வெளையாட வராது. பதினோராம் நாளு தீக்குச்சியக் கிழிச்சுக் காட்டினேன். கதவு சாத்துச்சு. சுண்ணாம்பு பட்ட எடத்துல கடுகளவு தழும்பு, அது போவல. முப்பிடாதி பாப்பாவ மடியில போட்டுக்கிட்டுச் சிரிச்சா. அன்னைக்குத்தான் அவ கழுத்த மூடாம இருந்தா.

அப்பம் கேட்டேன் பேச்சிட்ட, சும்மா வெளையாட்டாக் கேட்டேன். "ஏளா, அன்னைக்கு அந்தரத்துல என்னத்த அவுத்த?"

"கயிற."

"என்ன கயிறு?"

"ஒன் கயிறு மாமா. கருப்பு. எல்லாத்துலயும் தொங்குச்சு. பாப்பா தொட்டில்ல நெறையாத் தொங்குச்சு. நான்தான் அவுத்துக்கிட்டே இருந்தேன். யாரும் பாக்க மாட்டேன்னுட்டிய."

டாக்டர்ட்டச் சொன்னேன். அவ சித்தி பாப்பாவுக்கு ஊத்துனத அந்தப் பிள்ள பாத்திருக்கும், மயக்கத்துல அது அப்பிடித் தெரிஞ்சிருக்கும்னார். இருக்கும். அவரு படிச்சவர். நான் அன்னைக்கே நாலு குப்பிக் கழுத்துலயும் கயிற அறுத்துட்டு, மூடியில அரத்தால கோடு போட்டு வச்சேன்.

ஆனா அந்தப் பிள்ள இன்னொண்ணும் சொல்லுச்சு. அத டாக்டர்ட்டச் சொல்லல. என் வலது கையப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"இதுலயும் ஒண்ணு கெடந்துச்சு மாமா. அத அவுக்கதுக்குள்ள நீ என்னையத் தூக்கிட்டுப் போயிட்ட."

அதுக்குப் பொறவு ஒரு சொட்டு விடணும்னாலும், கையக் கழுவிட்டு, மணிக்கட்ட ஒருக்கப் பாத்துட்டுத்தான் குப்பியத் தொட்டிருக்கேன். பாக்கதுக்கு ஒரு நொடிதான் ஆவும். அந்த நொடியில இது எந்தக் குப்பி, யாரு கண்ணு, டாக்டர் தலைய ஆட்டினாரான்னு தன்னால கேட்டுப் போடும்.

இப்பம் எனக்குக் கண்ணு தெரியல. யாராச்சும் ஒருத்தர் வந்து என் வலது மணிக்கட்டப் பாத்துச் சொல்லுங்க.